திரும்பி வராத பொன்னாடை

செல்விக்கும் குமரனுக்கும் அப்பா எழுதுவது.

போன வாரம் செல்வி வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். செங்காங்கில் அவள் வட்டாரத்து மாதர் குழுவில் அவளைச் செயலாளர் ஆக்கிவிட்டார்களாம். "அப்பா, மீட்டிங்குக்கு லேட்டா போனேன், அவ்வளவுதான். போய் உக்காந்தா நான் செகரட்டரின்னு கை தட்டறாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்து பாதிப் பேர் பொறுப்புக்கு வந்தது அப்படித்தான். மீதிப் பாதி அந்தக் கூட்டத்துக்கு வராமலே இருந்தவர்கள். கடைசியில், "நீங்க மன்றத்துல இத்தனை வருஷம் மாதர் குழுகூட வேலை பார்த்திருக்கீங்கல்ல, நிகழ்ச்சி எப்படி நடத்தறதுன்னு எனக்குக் கொஞ்சம் எழுதிக் குடுங்கப்பா" என்று கேட்டிருந்தாள்.

நான் உயர்நிலை இரண்டோடு நின்றவன். மன்றத்தில் நான் எழுதியது 'தரை ஈரமாக உள்ளது' என்ற அட்டை ஒன்றுதான். அதை நின்று வாசித்துக்கொண்டே வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. இருந்தாலும் மகள் கேட்டுவிட்டாள். குமரனும் படிக்கட்டும். அப்பா வேலைக்குப் போய் நாற்காலிதான் அடுக்கினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நாற்காலியும்தான் அடுக்கினேன். கப்பல் பட்டறைக் கிடங்கில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து, சமூக மன்றத்தில் மண்டப உதவியாளராகச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த பாக் ஹாஷிம் ஒரு மாதம் கூடவே நின்று சொல்லிக் கொடுத்தார். மைக்கை ஊதிச் சோதிக்காதே, குளிர்சாதனத்தை ஆள் வருவதற்கு முன்பே போடு, நாற்காலியை இழுக்காமல் தூக்கு. படிப்பு அவ்வளவுதான்.

வார நாட்களில் மண்டபத்துக்கு டேக்வாண்டோ பிள்ளைகளும் வரிசை நடனம் ஆடும் சீன ஆன்ட்டிகளும் வருவார்கள். சனி, ஞாயிறு மாதர் குழுவுக்கு. நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு நடந்தே போய்விடும் தூரம் என்பதால் புக்கிட் மேராவிலிருந்தும் உட்லண்ட்ஸிலிருந்தும்கூடப் பெண்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பொங்கல் வைப்பார்கள். புளோக்குக்குக் கீழே திறந்த தளமான வாய்ட் டெக்கில் கோலப் போட்டி நடக்கும். யாருக்கும் மனம் நோகக் கூடாது என்பதால் சிறந்த புள்ளி, சிறந்த நேர்கோடு, சிறந்த காவி என்று கலந்துகொண்ட அத்தனை பேருக்கும் முதல் பரிசு. நீரிழிவு நோய் பற்றி டாக்டர் பேசுவார். பேச்சு முடிந்ததும் எல்லாருக்கும் குலாப் ஜாமூன். "டாக்டருக்கு ரெண்டு வைங்க" என்று அடுக்களைப் பக்கம் சத்தம் கேட்கும்.

முதல் வரிசைதான் எனக்குத் தலைவலி. அதில் உட்கார வேண்டியவர்கள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போனார்கள். நாற்காலி சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் வரிசை அவசர வழிக் கதவை அடைத்துவிட்டது. மன்ற மேலாளர் வந்து கூடாது என்றார். அப்புறம் இரண்டாவது வரிசைக்கு 'முதல் வரிசை, பகுதி இரண்டு' என்று பெயர் வைத்து ஒட்டினோம். சண்டை ஓய்ந்தது. ஆனால் இரண்டாவது வரிசைக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லாமல் போய்விட்டது.

குழுவின் தலைவி திருமதி லோகநாயகி. காப்புறுதி நிறுவனத்தில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் யாரையும் வேலை ஏவ மாட்டார். அதட்ட மாட்டார். "நாம அந்த மேசையைக் கொஞ்சம் நகர்த்துவோமா?" என்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு புன்னகையோடு நிற்பார். நான் நகர்த்துவேன். "நாம இந்த எடத்தக் கூட்டிடுவோமா?" நான் கூட்டுவேன். முடிந்ததும், "பாத்தீங்களா, நாம சேர்ந்து செஞ்சா எவ்வளவு சீக்கிரம் முடியுது!" என்பார். கிண்டல் இல்லை, உண்மையாகவே மகிழ்ச்சியோடு சொல்வார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மழை கொட்டினாலும், வீட்டுக்காரர் மருத்துவமனையில் படுத்திருந்தாலும், நிகழ்ச்சி என்றால் எனக்கு முன்னால் வந்து மண்டப வாசலில் நிற்பது அவர்தான்.

இனிப் பொன்னாடை.

ஒரு நிகழ்ச்சியில் நாலைந்து பேருக்காவது பொன்னாடை போர்த்துவார்கள். ஒரு முறை போர்த்தப்பட்ட ஓர் ஆசிரியை கீழே இறங்கியதும் அதை மடித்துத் தலைவியிடமே கொடுத்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்க லோகா. வீட்டுல ஒரு அலமாரி நெறைய இருக்கு. மூணறை வீட்டுல எங்க வைக்கச் சொல்றீங்க? மருமக என்னையே எங்க வைக்கிறதுன்னு பாத்துட்டிருக்கா." எல்லாரும் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை, யோசித்தார். அடுத்த நிகழ்ச்சியிலிருந்து வழக்கம் வந்துவிட்டது. மரியாதை உங்களுக்கு, ஆடை எங்களுக்கு.

முறை இதுதான். குழுவிடம் இரண்டு பொன்னாடைகள், ஒரே மாதிரி. மஞ்சள் உடல், அரக்குக் கரை. துணைத் தலைவி ஹபீபாவின் வீட்டார் தேக்காவில் நடத்தும் துணிக்கடையிலிருந்து வந்தவை. கௌரவம் பெறுபவர் மேடையின் வலப்பக்கப் படியில் ஏறுவார். தலைவி போர்த்துவார், படம் எடுப்பார்கள், கை தட்டுவார்கள். அவர் இடப்பக்கப் படியில் இறங்குவார். அங்கே திரைச்சீலை மறைவில் நான். சபையைப் பார்த்துக் கும்பிட்டபடியே இறங்குகிறவர் திரையைத் தாண்டும்போது தோளை லேசாகச் சாய்ப்பார். பொன்னாடை என் கைக்கு வழுக்கி வந்துவிடும். பழகியவர்கள் நடையை நிறுத்தவே மாட்டார்கள். நான் அதைக் கரை வெளியே தெரிய மடித்து, மேடைக்குப் பின்னால் குனிந்துகொண்டே ஓடி, அந்தப் பக்கம் தாம்பாளத்தோடு நிற்கும் ஹபீபாவிடம் கொடுப்பேன். அவர் சாம்பார் வாசனை போக ஒரு சொட்டு அத்தர் தடவுவார். அதற்குள் மற்றொன்று மேடையில் இருக்கும். ஒன்று மேடையில், ஒன்று ஓட்டத்தில்.

விருந்தினர் சங்கடப்படக் கூடாதென்று முந்தின நாளே ஹபீபா தொலைபேசியில் சொல்லிவிடுவார். "அக்கா, பொன்னாடை போத்துவோம், எறங்கினதும் எங்க வேலு வாங்கிக்குவாரு, சரியா?" யாரும் வருத்தப்பட்டதில்லை. "அப்பாடா, நல்ல வேளை லா" என்றவர்கள்தான் அதிகம்.

பல ஆண்டுகள் இப்படித் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஓர் ஆண்டு விழாவில் தனபாக்கியம் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

புக்கிட் மேராவில் இரண்டறை வீட்டில் மகன் முரளியோடு இருப்பவர் தனபாக்கியம் அக்கா. மகன் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை செய்கிறான். குழு தொடங்கிய நாளிலிருந்து அக்கா உறுப்பினர். ஆனால் எந்த நிகழ்ச்சியையும் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. வெளியிலிருந்து வரும் சாப்பாட்டைச் சூடு ஆறாமல் வைத்து, பரிமாறி, தாமதமாக வருகிறவர்களுக்கு எடுத்து வைத்து, பாத்திரம் கழுவி முடித்தால் அவருக்கு நிகழ்ச்சி முடிந்தது.

அன்று சமூகத் தொண்டுக்காக ஒரு பெண் டாக்டரைக் கௌரவிக்க வேண்டும். அவர் விரைவுச்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார். நெறியாளர் பெண்ணோ, "இப்போது நம் சமூகத்தின் ஒளிவிளக்கு" என்று ஆரம்பித்துவிட்டாள். ஹபீபா கையைப் பிசைந்தார். சனம் பசியில் இருக்கிறதா என்று பார்க்க அந்த நேரம் சமையலறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார் தனபாக்கியம் அக்கா.

"நாம தனத்தக் கூப்பிடுவோமா?" என்றார் தலைவி.

பிளாஸ்டிக் மேலங்கியைக்கூடக் கழற்ற விடாமல் அவரை ஏற்றிவிட்டோம். நெறியாளர் கையில் இருந்த புகழுரை டாக்டருக்காக எழுதியது. அவள் ஓர் எழுத்தையும் மாற்றாமல் வாசித்தாள். "எண்ணற்ற இலவச மருத்துவ முகாம்களை நடத்தி, இதய நோயாளிகளின் நம்பிக்கை நட்சத்திரமாக விளங்கும்..." சபை கை தட்டியது. அக்காவும் யாருக்கோ என்று நினைத்துக் கை தட்டினார். தலைவி பொன்னாடையைப் போர்த்தினார். படம் எடுத்தார்கள்.

அக்காவுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. ஹபீபா தொலைபேசியில் சொல்லவும் நேரமில்லை. சமையலறை வலப்பக்கம். அடுப்பில் பாயசம் இருந்தது. அவர் ஏறிய வழியே இறங்கிப் போய்விட்டார். நான் இடப்பக்கத் திரை மறைவில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

மீதி இருந்த மூவரையும் ஒற்றைப் பொன்னாடையிலேயே சமாளித்தோம். நான் ஓடிய ஓட்டத்தில் கடைசியாகப் போர்த்தப்பட்டவர், "ஏன் இது ஈரமா இருக்கு?" என்று கேட்டார். என் வேர்வை. சாப்பாட்டு நேரத்தில் தனபாக்கியம் அக்கா பொன்னாடையோடு வந்து பாயசம் ஊற்றினார். அத்தனை பேர் முன்னால் அதை எப்படிக் கேட்பது? அப்புறம் அதைப் போர்த்திக்கொண்டே பேருந்து ஏறிப் போய்விட்டார்.

செயற்குழு கூடியது. நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்ததால் எல்லாம் கேட்டேன். பிரச்சினை சிறியதில்லை. அடுத்து காத்தோங் பக்கத்து மாதர் குழுவோடு கூட்டு நிகழ்ச்சி. அந்தக் குழுவுக்கு இரண்டு இணைத் தலைவிகள். ஒருவருக்கு முதலில் போர்த்தினால் மற்றவர் பேச மாட்டார். இருவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி போர்த்த வேண்டும்.

"புதுசா ரெண்டு வாங்கிட்டா என்ன?" என்று புதிதாக வந்த ஓர் உறுப்பினர் கேட்டார். எல்லாரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"எங்க கடையிலேயே கெடக்கு, நான் நாளைக்கே கொண்டாந்துருவேன்" என்றார் ஹபீபா. "துணியா முக்கியம்? இன்னிக்கு இவங்க வச்சுக்கிட்டாங்க. நாளைக்கு எல்லாரும் வச்சுக்கிட்டா?"

"போன வருஷம் எனக்குப் போட்டதயும் குடுத்துடுங்க அப்ப" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

"பாத்தீங்களா, ஆரம்பிச்சிருச்சு!"

நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் தலைவி என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "நாம போய்ப் பக்குவமாப் பேசி வாங்கிட்டு வந்துடுவோமா, வேலு?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புக்கிட் மேரா போனேன். புளோக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்த சீன ஆன்ட்டியிடம் வழி கேட்டால், "ஓ, தங்கத் துணி ஆன்ட்டியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டு மேலே கை காட்டினார். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது அதுதான். திரைச்சீலைக் கம்பியில் ஹேங்கரில், கரை வாசலைப் பார்த்தபடி தொங்கியது.

"வாங்க தம்பி, வாங்க! டீ போடறேன்" என்று அக்கா உபசரித்தார். நான் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினேன், பேருந்தைப் பற்றிப் பேசினேன். அவரே தொடங்கினார்.

"முரளிக்குக் கல்யாணம் முடியற மாதிரி இருக்கு தம்பி. ஒரு பொண்ணும் இவனும் ஒருத்தருக்கொருத்தர் புடிச்சுப் போச்சு. பொண்ணோட அம்மாதான் பிடி குடுக்கல. கமலான்னு பேரு, காத்தோங்குல சொந்த வீடு. பையனோட அம்மா என்ன செய்றாங்கன்னு கேட்டிருக்காங்க. மாதர் குழுவுல இருக்காங்கன்னு இவன் சொல்லியிருக்கான். என்னவா இருக்காங்கன்னு கேட்டாங்களாம். இவன் முழிச்சிருக்கான்." அக்கா பொன்னாடையைப் பார்த்தார். "மேடையில எடுத்த படத்தப் பொண்ணுக்கு அனுப்பிவிட்டான். பொண்ணு அம்மாகிட்ட காட்டியிருக்கா. இப்ப அந்த அம்மா நேர்ல பாக்கணுங்கறாங்க. அவங்களும் அங்க மாதர் குழுதானாம். கூட்டு நிகழ்ச்சிக்கு வர்றாங்க. அன்னிக்கு நான் இதப் போட்டுக்கிட்டு முன்னால உக்காந்துட்டா போதும் தம்பி. என் மகன் கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான்."

டீயைக் கீழே வைத்தேன். மறைத்து என்ன பயன்? வழக்கத்தைச் சொன்னேன். இடப்பக்கப் படி, திரை மறைவு, தாம்பாளம், அத்தர், எல்லாம் சொன்னேன்.

"அப்ப வந்துபோன டாக்டரு, டீச்சரு, யார் வீட்டுலயும் இது இல்லியா?"

"இல்லக்கா."

"என் வீட்டுல மட்டும்தான் இருக்கா?"

"ஆமாக்கா."

அவர் எழுந்து போய்ப் பொன்னாடையின் கரையை நீவிவிட்டார். "அப்ப இன்னும் ஒசத்தியாப் போச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க வந்ததுல எனக்கு வருத்தமில்ல தம்பி, உங்க வேலை அது. ஆனா நான் போய் எடுத்துக்கல. கூப்பிட்டுப் போட்டாங்க. போட்டவங்களே எடுத்துக்கட்டும். மேடையில போட்டாங்க, அத்தனை பேர் பாக்க எடுக்கட்டும். நான் கழுத்தக் குனிஞ்சு குடுக்கறேன்."

வெறுங்கையோடு திரும்பினேன். அவர் சொன்னதைத் தலைவியிடம் சொன்னபோது எப்போதும் இருக்கும் புன்னகை இல்லை. கல்யாண விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. அது அக்காவின் வீட்டு விஷயம்.

கூட்டு நிகழ்ச்சி அன்று தனபாக்கியம் அக்கா கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலையில் வந்தார். தோளில் பொன்னாடை. நேராக நடந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். பகுதி இரண்டில் இல்லை, உண்மையான முதல் வரிசையில். அதற்கு நேர் பின்னால் காத்தோங் பெண்கள். அவர்களில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அக்காவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் கமலா என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

நெறியாளர் காத்தோங் தலைவிகளைப் புகழ ஆரம்பித்துவிட்டாள். தாம்பாளத்தில் ஒன்றே ஒன்று. லோகநாயகி மேடம் மேடையிலிருந்து இறங்கி வந்தார். தாம்பாளத்தோடு நானும் பின்னால் போனேன். அக்காவின் காதருகே குனிந்தார்.

"தனம், ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. படம் எடுத்ததும் திருப்பித் தந்துடறேன்."

"போட்டது நீங்கதானே மேடம்" என்றார் அக்கா, முன்னால் பார்த்தபடியே. "எடுத்துக்குங்க. நான் ஒண்ணும் சொல்லல." சொன்னபடியே கழுத்தைக் குனிந்தார். மடியில் இருந்த கை மட்டும் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

தலைவியின் கை பொன்னாடைமேல் போனது. சபை முழுவதும் பார்த்தது. பின் வரிசையில் கமலா எட்டிப் பார்த்தார். அந்தக் கை அங்கேயே நின்றது.

பிறகு தலைவி அக்காவின் தோளில் சரிந்திருந்த கரையை மேலே இழுத்து, நேராக்கி, மடிப்பை நீவிவிட்டார். "நாம இத ஒழுங்காப் போட்டுக்குவோம்" என்றார். இத்தனை ஆண்டுகளில் 'நாம' என்று சொல்லிவிட்டு அவரே ஒரு வேலையைச் செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

மேடைக்குத் திரும்பியவர் இரு தலைவிகளையும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கச் சொன்னார். இருந்த ஒரு பொன்னாடையை விரித்து இருவருக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டார். சபை திகைத்தது. மைக்கை வாங்கி, "ஒரே ஆடையின் கீழ் இரு உள்ளங்கள்! இதுவே நம் ஒற்றுமை!" என்றார். கைதட்டல் மண்டபத்தை உலுக்கியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த இரண்டு அம்மாள்களும் துணியால் கட்டிப்போட்ட மாதிரி நண்டு நடையில் இடப்பக்கப் படியில் இறங்கினார்கள். அன்றைய குழப்பத்தில் ஹபீபா அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அதனால் நான் கையை நீட்டாமல் ஓரமாக நின்றேன். திரையைத் தாண்டியதுதான் தாமதம். இருவரும் ஒரே நேரத்தில் தோளைச் சாய்த்தார்கள். பொன்னாடை என் கையில்!

"அம்மா, உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"இதச் சொல்லணுமா?" என்றார் ஒருவர். "எங்க பக்கமும் இப்படித்தான் லா. எல்லாரும் வச்சுக்கிட்டா வீட்டுல மனுஷங்க எங்க இருக்கிறது?"

நான் அதை மடித்துக்கொண்டு வெளியே வந்தபோது கமலா தம் நாற்காலியை விட்டு எழுந்து முன்வரிசைக்கு வந்திருந்தார். தனபாக்கியம் அக்காவின் முன் நின்று பொன்னாடையின் கரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது ஆண்டு விழாவுல போட்டதுதானே?" என்றார் கமலா. "படத்துல பார்த்தேன். இன்னும் உங்ககிட்டயா இருக்கு? திருப்பிக் கேக்கலியா?"

"கேட்டாங்க" என்றார் அக்கா. "வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டாங்க. இப்ப தலைவியே வந்து கேட்டாங்க. நான் குடுக்கல."

கமலா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "எங்கள்ல இத்தனை வருஷமா தலைவி உட்பட ஒருத்தராலயும் வச்சுக்க முடியல" என்றார் மெதுவாக. "தலைவியே வந்து கேட்டும் வாங்க முடியலன்னா... அந்த முரளி தம்பி இதெல்லாம் ஒண்ணுமே சொல்லலியே!" பக்கத்து நாற்காலியில் ஒட்டியிருந்த யாருடைய பெயரையோ கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "தை மாசம் உங்களுக்கு வசதிப்படுமா?"

அக்கா பொன்னாடையை இருபுறமும் சமமாக இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல சாப்பிடுவோம் சம்பந்தி" என்றார். "இன்னிக்கு யாராவது கொண்டு வருவாங்க."